நான் காத்திருந்த நிலம்

மதுரை சிம்மக்கல்லில் ஒரு வக்கீலிடம் இருபது வருஷம் குமாஸ்தாவாகப் பேனா பிடித்தவன் நான். வேறு எது தெரியாவிட்டாலும் ‘ரிவர்ஷன்’ என்ற இங்கிலீஷ் சொல் எனக்கு நன்றாகத் தெரியும். தாலுகா ஆபீசில் கொஞ்ச நாள் பெரிய நாற்காலியில் உட்கார்ந்தவர் பழைய இடத்துக்கே திரும்பினால், “ஐயா ரிவர்ட் ஆயிட்டாரு” என்று காப்பி கிளப்பில் சிரிப்பார்கள். குடியை விட்டவன் மறுபடி கடைப்பக்கம் போனாலும் எங்கள் வக்கீல் அதே சொல்லைத்தான் சொல்வார். கோர்ட்டில் அதற்கு வேறு பொருள். பிள்ளையில்லாமல் செத்தவனின் நிலத்தை அவன் விதவை உயிரோடு இருக்கும்வரை அனுபவிக்கலாம், நினைத்தபடி விற்க முடியாது. அவள் கண்ணை மூடியதும் அது புருஷன் வழி ஆட்களுக்குத் திரும்பிவிடும். அப்படித் திரும்புவதற்காகக் காத்திருப்பவனுக்கு ரிவர்ஷனர் என்று பெயர். ஒரு பெண் எப்போது சாவாள் என்று பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு எவ்வளவு கௌரவமான பெயர் பாருங்கள். அந்தப் பெயர் எனக்கும் இருந்தது.

என் சித்தப்பா பாகம் பிரித்துக்கொண்டு தனியாக இருந்தவர். மதுரைக்கு மேற்கே வாய்க்கால் பாசனத்தில் ஒன்றரை ஏக்கரும் ஒரு கிணறும் அவர் பங்கு. இரண்டாம் தாரமாக அவர் கட்டிய சித்திக்கு என்னைவிட இரண்டே வயது கூடுதல். நாலாம் வருஷமே சித்தப்பா விஷக்காய்ச்சலில் போய்விட்டார். முன்பே செத்துப்போன மூத்தவளுக்கும் பிள்ளையில்லை, இவளுக்கும் இல்லை. என் அப்பா முன்பே போய்விட்டதால் அடுத்த உரிமை எனக்கு.

சித்தி நிலத்தைத் தானே பார்த்துக்கொண்டாள். கிணற்று மேட்டில் ஆறு ஒட்டு மாங்கன்று வைத்தாள். வைத்துக் கொடுத்தவர் அவனியாபுரத்துப் பக்கம் தோட்டம் போட்டிருந்த ஒருவர். எங்கள் சனம்தான், மனைவியை இழந்தவர். அவர் கன்றுகளைப் பார்க்க வந்துபோனது ஊருக்கே தெரியும். யாரும் தப்பாகப் பேசவில்லை. எங்கள் சனத்தில் அறுத்துக் கட்டும் வழக்கம் உண்டு. புருஷன் போனவள் இன்னொருவரைக் கட்டிக்கொண்டால் ஊர் வந்து பந்தியில் சாப்பிட்டுவிட்டுப் போகும்.

ஒரு நாள் காலை சித்தி வக்கீல் வீட்டுக்கே என்னைத் தேடி வந்தாள். வக்கீல் கோர்ட்டுக்குப் போயிருந்தார். முந்தானையில் எதையோ சுருட்டிப் பிடித்திருந்தாள். நான் பார்த்தேன், என்னவென்று கேட்கவில்லை.

“தம்பி, ஒண்ணு கேக்கணும். நான் இன்னொரு வீட்டுக்குப் போனா நிலம் என்னாகும்?”

இந்தப் பதில் எனக்கு மனப்பாடம். “மறுமணம் பண்ணிக்கிட்டா சித்தி, அன்னைக்கே நீங்க செத்துட்டதா சட்டம் எடுத்துக்கும். நிலம் அடுத்த வாரிசுக்குத் திரும்பிரும்.”

“நம்ம சனத்துல வழக்கம் இருக்கே?”

“அது கல்யாணத்துக்கு. நிலத்துக்குச் செல்லாது. கோர்ட்டு அப்படித்தான் தீர்ப்புச் சொல்லுது.”

“அடுத்த வாரிசு யாரு?”

தெரியாமலா கேட்டாள்? “நான்தான்” என்றேன்.

சித்தி என் முகத்தையே பார்த்தாள். நான் சொல்ல வேண்டியிருந்தது ஒரே வாக்கியம்: நீங்க கட்டிக்கிட்டுப் போங்க சித்தி, நிலத்தை உங்க பேருக்கே திருப்பி எழுதித் தந்துர்றேன். என் கைக்கு வந்த சொத்தை நான் யாருக்கும் எழுதலாம், எந்தச் சட்டமும் தடுக்காது. அந்த வாக்கியம் என் வாய்வரை வந்தது என்று எத்தனையோ வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். வரவே இல்லை. அந்தக் கிணற்றில் கோடையில் எத்தனை அடித் தண்ணீர் நிற்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

“சரி தம்பி, வாரேன்” என்று எழுந்தாள். “காப்பி சாப்பிட்டுப் போங்க” என்று வேறு சொன்னேன். என் வாயில் மண் விழ.

சித்தி யாரையும் கட்டிக்கொள்ளவில்லை. நிலத்தை விட்டுவிட்டுப் போக அவளுக்குத் துணிச்சல் இல்லை என்று அப்போது சொல்லிக்கொண்டேன். நாளைக்கு அவரும் போய்விட்டால் எதைத் தின்பாள் என்று நான் யோசிக்கவில்லை. அந்தத் தோட்டக்காரர் மறு வருஷம் வேறு இடத்தில் கட்டிக்கொண்டார். வருஷா வருஷம் சித்தி எங்களுக்கு ஒரு கூடை மாம்பழம் கொடுத்தனுப்புவாள். வெட்கமில்லாமல் தின்றோம். “சித்திக்கு உடம்பு எப்படி இருக்காம்?” என்று என் மனைவி கேட்பாள். எதற்குக் கேட்கிறாள் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது சித்தி இறந்தாள். நிலம் எனக்குத் திரும்பியது. துக்கத்துக்கு அந்தத் தோட்டக்காரரும் வந்தார். தலை நரைத்துவிட்டது. மாமரங்களின் அடியில் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்:

“ஒட்டுக்குக் கீழ துளிர் விட்டா உடனே கிள்ளிரணும் அண்ணே. விட்டுட்டா அடியில இருக்கிற நாட்டு மரம் மேல வந்துரும், ஒட்டு செத்துரும், காய் பழையபடி புளிச்சுப்போகும். கன்னு வச்ச அன்னைக்கு ஒரு தடவதான் சொன்னேன். இந்நாள் வரைக்கும் கிள்ளியிருக்காங்க. இனிமே நீங்க பாத்துக்கங்க.”

“சரி” என்றேன். நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு ஊர்ப்பக்கம் போகவே இல்லை. குத்தகைக்காரரும் கிள்ளவில்லை. நாலைந்து வருஷத்தில் மரங்கள் மாறிப்போயின. அந்த வருஷம் அவர் கொடுத்தனுப்பிய கூடையில் இருந்ததெல்லாம் பல் கூசுகிற புளிப்புக் காய். ஊறுகாய்க்குத்தான் ஆகும் என்று என் மனைவி சாடி எடுக்கப் பரண் ஏறினாள். சாடிக்கு முன்னால் சித்தியின் தகரப்பெட்டி இருந்தது. சாவு வீட்டிலிருந்து கொண்டுவந்து திறக்காமலே போட்டிருந்தோம்.

உள்ளே இரண்டு சேலை. அடியில் நாலாக மடித்த ஒரு முத்திரைத்தாள். அதன் பின்பக்கம், தாளை விற்ற வெண்டர் வழக்கம்போல எழுதியிருந்தார்: சித்தியின் பெயர், ஊர், தேதி. எனக்குச் சந்தேகமாக இருந்தது. சித்தி வந்த அன்று வக்கீல் எந்த வழக்குக்குப் போயிருந்தார் என்பது நினைவிருந்ததால், மறுநாள் அவருடைய பழைய டயரியில் அந்த வழக்கின் தேதியைத் தேடி ஒத்துப்பார்த்தேன். சித்தி என்னிடம் கேட்க வந்த அதே நாள்தான். வருகிற வழியில் கோர்ட்டு வாசலில் வாங்கியிருக்கிறாள்.

முன்பக்கம் ஒரு எழுத்தும் இல்லை. தான் வாய்விட்டுக் கேட்காமலே நிலத்தை நான் திருப்பி எழுதித் தருவேன் என்று அவ்வளவு நம்பி வந்திருக்கிறாள்.