நாக்கில் வைத்த இழை

தறியில் பட்டு இழை அறுந்தால், அறுந்த நுனியை நாக்கில் வைத்து ஈரமாக்கி, விரலால் முறுக்கி முடிச்சுப் போடுவோம். யோசித்துச் செய்வதில்லை. கை தானாக வாய்க்குப் போகும். எச்சில் பட்ட நுனியில் பிசிறு அடங்கி ஊசி போல நிற்கும்.

போன வருஷம், எங்களுக்கு நெய்யப் பாவு நூல் கொடுக்கிற ஆரணி முதலாளியின் மருமகள் முள்ளிப்பட்டு கிராமத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து செல்போனில் வீடியோ எடுத்தாள். புடவைகளைப் போனிலேயே விற்கிற பெண். நான் படம் என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறவள். "மூஞ்சி வராதுக்கா, கைய மட்டுந்தான் எடுக்கறேன்" என்றாள். என் கை வாய்க்குப் போனபோது கேமராவும் கூடவே போயிருக்கிறது.

அந்த வாரமே முதலாளி என் வீட்டுக்காரரிடம் போனில் பேசினார். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

"இன்னாப்பா, வீடியோ பாத்தவங்க எச்சி பண்ணித்தான் பொடவ நெய்யறாங்களான்னு கேக்கறாங்க. பூஜைக்குக் கட்டறவங்க வாங்குவாங்களா? வூட்டம்மாவ கொஞ்சம் சுத்தமா நெய்யச் சொல்லு."

"வாயக் கட்டிப் போட்டுட்றேங்க. எனக்கும் நிம்மதி" என்று இவர் சிரித்தார். அவரும் சிரித்தார். நான் தறியை விட்டு எழுந்திருக்கவில்லை.

மெடிக்கல் கடையில் ஆட்கள் போகும் வரை ஓரமாக நின்று, வாய் கொப்பளிக்கிற நீல மருந்து ஒரு பாட்டில் வாங்கினேன். கிருமிகளைக் கொல்லும் என்று அட்டையில் போட்டிருந்தது. எனக்கு வேண்டியது அதுதான் என்று நினைத்தேன். காலையில் கொப்பளித்தேன், தறியில் உட்காரும் முன் கொப்பளித்தேன், டீ குடித்தால் கொப்பளித்தேன். அப்புறம் இழை அறும்போதெல்லாம் கொப்பளிக்க எழுந்து போனேன். வாய் எரிந்தது. எரிந்தால் சுத்தமாகிறது என்று இருந்தேன்.

கொஞ்ச நாளில் வாய் காய்ந்து, நாக்கு துணியைப் போல ஆனது.

"இன்னா இது, கொழம்ப கடல்ல வெச்சியா?" என்றார் இவர் ஒரு நாள். அடுத்த நாள், "இன்னிக்கி உப்பே காணோம். நேத்தே சேத்து போட்டுட்டியா?" எனக்கு ருசி தெரியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. தறியிலும் அதே கதிதான். காய்ந்த நாக்கில் இழை நனையவில்லை. கிண்ணத்தில் தண்ணீர் வைத்துத் தொட்டுப் பார்த்தேன். நுனி நனைந்தது, ஒட்டி நிற்கவில்லை. ஒரு சொட்டு சிந்தி, மாம்பழ நிறப் பட்டில் வட்டமாகத் தடம் விட்டது.

ஒரு காலையில் கண்ணாடியில் பார்த்தால் நாக்கில் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருந்தது. எங்கள் தெருவில் ஒருவர் வாய்ப் புற்றுநோயில் போனவர். எனக்கும் அதுதானோ என்று பட்டது. யாரிடமும் சொல்லாமல் இன்னும் அதிகமாகக் கொப்பளித்தேன். சோறு விழுங்கும்போது கண்ணில் தண்ணீர் வருவதைப் பார்த்து, இவரே ஆரணிக்கு ஒரு லேடி டாக்டரிடம் கூட்டிப்போனார்.

அந்த அம்மாவின் முன்னால் வாயைத் திறக்கவே எனக்கு நேரம் பிடித்தது. பார்த்துவிட்டு, "இன்னா போட்டு கொப்பளிக்கிறீங்க?" என்று கேட்டார். பையிலிருந்து பாட்டிலை எடுத்து வைத்தேன்.

"ஒரு நாளைக்கு எத்தினி வாட்டி?"

"இழை அறும்போதெல்லாம்" என்றேன்.

டாக்டருக்குப் புரியவில்லை. இவருக்குப் புரிந்தது. தலையைக் குனிந்துகொண்டார்.

புற்றுநோய் இல்லை என்றார் டாக்டர். சர்க்கரை இருக்கிறதா என்றும் பார்த்தார்கள், இல்லை. "வாயில நல்ல கிருமிங்களும் இருக்கும்மா. அதுங்க எடத்த புடிச்சிகினு இருக்கறதாலதான் கெட்டது ஜாஸ்தியாவறதில்ல. நீங்க ரெண்டையும் சேத்து தொரத்திட்டீங்க. காலியான எடத்துல பூஞ்ச வந்து உக்காந்துகிச்சி. காலையிலயும் ராத்திரியும் பல்லு தேய்ங்க, தண்ணி குடிங்க. இது வேணாம்." நாக்கில் விடச் சொட்டு மருந்து ஒன்று எழுதிக் கொடுத்தார்.

நாக்கு மெல்ல ஆறியது. உப்பும் புளியும் திரும்பி வந்தன. ஆனால் எச்சில் என்ற அந்தச் சொல் போகவில்லை. கேட்டவர்கள் மேலும் தப்பில்லை. அடுத்தவர் வாய் வைத்த டம்ளரில் நானும் குடிக்கமாட்டேன்.

போன மாதம் முதலாளியின் மருமகள் மறுபடியும் வீடியோ எடுக்க வந்தாள். எடுத்துக்கொண்டிருக்கும்போதே இழை அறுந்தது. அவளே ஒரு பித்தளைக் கிண்ணத்தில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். "இத தொட்டு செய்யுங்கக்கா. பாக்கவும் நல்லா இருக்கும்." தொட்டு முறுக்கினேன். வீடியோவில் அழகாகத்தான் இருந்ததாம். அவள் வண்டி தெருமுனை தாண்டுவதற்குள் முடிச்சு நழுவிவிட்டது.

நுனியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். நாக்கில் ஈரம் இருந்தது. கை பாதி வழியில் நின்று, கண் வாசலுக்குப் போனது. இவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். நான் இழையை நாக்கில் வைத்தேன்.