சலவைக்கூடத்துக்கு வேலைக்குப் போன அத்தை

அண்ணன் வீட்டில் பிள்ளைகள் அவளை அத்தை என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, கடைசியில் அண்ணனுக்கும் அண்ணிக்கும்கூட அவள் அத்தையாகிவிட்டாள். ஒரு காலத்தில் தையல் கம்பெனியில் துணி வெட்டியவள். முப்பதைத் தொடும் முன்பே காதுக்குள் குரல்கள் கேட்க ஆரம்பித்தன. எல்லோரும் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்று ஒருநாள் கத்தரிக்கோலைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். அதோடு சரி, பல வருஷம் மாடியறையே கதி. மனச்சிதைவு நோய் என்றார் மருத்துவர். மாத்திரை ஓரளவுதான் கேட்டது.

காலையில் ஜன்னலோரம் நிற்பாள். தெருமுனையில் பெண்கள் அரக்கப்பரக்க ஓடி கம்பெனி பஸ்ஸைப் பிடிப்பார்கள். தினமும் கடைசியாக வரும் ஒருத்தியை டிரைவர் சத்தம் போடுவார். அந்தத் திட்டின்மேல் அத்தைக்கு ஏக்கமோ ஏக்கம். நேரமாகிவிட்டது என்று தன்னைத் திட்ட ஒரு ஆள் இல்லையே! வீட்டில் எல்லோரும் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "மாத்திரை போட்டாச்சா?"

மருத்துவமனையிலிருந்து ஒரு பெண் வரத் தொடங்கினாள். நோயாளிகளுக்கு வேலை தேடிக்கொடுத்து, சேர்ந்த பிறகும் துணைக்கு நிற்பது அவள் உத்தியோகம். பிள்ளைகள் வைத்த பெயர், வேலை டீச்சர்.

"முழுசா குணமாகட்டும், அப்புறம் பாக்கலாமே," என்று இழுத்தாள் அண்ணி.

"வேலைக்குப் போய்த்தான் தேறுறவங்களும் இருக்காங்க அக்கா," என்ற டீச்சர், அத்தை பக்கம் திரும்பினாள். "உங்களுக்கு என்ன வேலை பிடிக்கும்?"

அப்படி ஒருவர் கேட்டு எவ்வளவு காலமாயிற்று! "கையில துணி இருந்தா போதும்," என்றாள் அத்தை.

தங்கும் விடுதிகளின் துணி வெளுக்கும் சலவைக்கூடத்தில் இடம் கிடைத்தது. காலையில் மாத்திரை மயக்கம் தெளிய நேரமாகும் என்று பிந்திய ஷிப்டாகப் பேசி வாங்கினாள் டீச்சர். துணி மடிக்கும் மேஜை, உலர்த்தும் மெஷினுக்குப் பக்கத்தில். அதன் இரைச்சலில் குரல்கள் அமுங்கிப்போயின. மீறி எழுந்தால் பின்வாசலில் கொஞ்சம் நின்றுவிட்டு வரலாம், யாரும் ஏன் என்று கேட்கக்கூடாது; அதுவும் டீச்சர் பேசிவைத்ததுதான். படுக்கை விரிப்பின் மறுமுனையைப் பிடிப்பவள் வாயாடியான ஒரு இஸ்திரிக்காரி. அத்தை ஒருநாள் பிந்தி வந்தபோது, "மகாராணிக்கு இப்பத்தான் விடிஞ்சுதாக்கும்? ஒத்த ஆளா மடிச்சுக் கை ஒடியுது!" என்று பொரிந்து தள்ளினாள். அத்தை வாயெல்லாம் பல்லாக நின்றாள்.

மழைக்காலத்தில் நோய் மறுபடி முற்றியது. அவளை மருத்துவமனையில் சேர்த்தார்கள். வேலையை விட்டுவிட்டாள் என்று சொல்ல அண்ணன் கிளம்பினான். டீச்சர் முந்திக்கொண்டு சலவைக்கூடத்து சூப்பர்வைசரைப் பார்த்தாள்.

"கால் ஒடிஞ்சு படுத்திருந்தா இடத்தைக் காலியா வெச்சிருப்பீங்கல்ல சார்? இதுவும் அந்த மாதிரிதான்."

அவர் தாடையைச் சொறிந்தார். "சரி, வரட்டும். கொஞ்ச நாள் அரை நேரம் பாக்கட்டும்."

மருந்தை மாற்றினார்கள். அத்தை மேஜைக்குத் திரும்பினாள். சில வாரம் கழித்து டீச்சர் வந்து பின்வாசல் படியில் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இப்பவும் குரல் கேக்குதா?"

"இல்ல. ஒண்ணுகூட இல்ல."

"அப்பாடா!"

அத்தை முந்தானை நுனியை மடித்துக்கொண்டே சொன்னாள்: "திட்டின குரலெல்லாம் போனது நல்லதுதான். ஆனா அதுல ஒண்ணு எங்கம்மா. செத்துப்போன அம்மா. பொழுது சாஞ்சா, 'சாப்பிட்டியாடி'ன்னு கேப்பாங்க. அவங்களும் சேந்து போயிட்டாங்க."

டீச்சர் சட்டென்று அவள் முகத்தைப் பார்த்தாள்.

"பயப்படாதீங்க, மாத்திரைய நிறுத்த மாட்டேன். அது நோயோட வேலைன்னு எனக்கும் தெரியுது. ஆனா மனசு தேடுது."

"அம்மா குரல் எப்படி இருக்கும்?" என்று கேட்டாள் டீச்சர்.

அத்தை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு தொண்டையைக் கொஞ்சம் கரகரப்பாக்கி, கடைசி எழுத்தை இழுத்து, அம்மா மாதிரியே கேட்டுக் காட்டினாள். டீச்சர், "சாப்பிட்டேம்மா," என்றாள், தன்னையறியாமல். இருவரும் சிரித்தார்கள். சிரித்து முடித்தபோது அத்தையின் கண் நிறைந்திருந்தது.

உள்ளே மெஷின் நின்றது. சூடு ஆறுவதற்குள் மடித்தால்தான் சுருக்கம் விழாது. அத்தை எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு போனாள். முதல் விரிப்பை எடுத்தவள், அதன் கதகதப்பைக் கன்னத்தில் ஒரு கணம் வைத்துக்கொண்டு, மறுமுனையை இஸ்திரிக்காரியிடம் நீட்டினாள்.