உள்ளங்கைச் சூடு

இது நடந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு பஸ் ஸ்டாப்பில் என்னை நிறுத்தி வைத்து, "உள்ளதாக்கும்? இல்ல, சும்மா விடுறியா?" என்று கேட்கக் கூடாது. நான் தைரியசாலி இல்லை. பேய் வரைக்கும் போக வேண்டாம், எனக்குப் பல்லியே போதும். குளியலறையில் பல்லி இருந்தால், அது குளித்துவிட்டு வெளியே வரட்டும் என்று காத்து நிற்கிற ஆள் நான். அப்படிப்பட்டவன் பேய்க்கதை கட்டினால் முதலில் பயந்து சாவது அவன்தான். எனக்கெதற்கு அந்த வேலை?

தொண்ணூற்றெட்டு, ஜூலை மாதம். விடாத மழை. பாறசாலையில், பொன்னையனின் எஸ்.டி.டி. பூத்துக்கு மேல்மாடியில் நான் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் நடத்திக்கொண்டிருந்தேன். 'எல்லா வகைக் கம்ப்யூட்டர்களும் பழுது பார்க்கப்படும்' என்று பலகையில் எழுதியிருந்தது. என்னிடம் இருந்த இரண்டுமே பழுதாகித்தான் கிடந்தன. எனக்குத் தெரிந்த வைத்தியம் மூன்று. அணைத்துப் போடுவது. வயரைப் பிடுங்கிச் செருகுவது. இரண்டும் பலிக்காவிட்டால், "வைரஸ்" என்று முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்வது.

அங்கேதான் ஜெம்மா அந்த லேப்டாப்பைக் கொண்டுவந்தாள்.

ஜெம்மா என்னிடம் டைப்பிங் படித்த பெண். பொழியூர்க் கடற்கரைக் குடும்பம். கடல் வந்து வீட்டைக் கொண்டுபோன பிறகு, பாறசாலையில் வாடகைக்கு இருந்தார்கள். அப்பா ஜோக்கிம் தினமும் முதல் பஸ்ஸில் கடலுக்குப் போய்விட்டுத் திரும்புவார். அம்மா இல்லை. அண்ணன் ஜெய்சன் துபாயில். தங்கைக்காக அங்கே லேப்டாப் வாங்கி, லீவில் வந்த ஆரியங்கோட்டுக்காரன் ஒருவனிடம் கொடுத்துவிட்டிருந்தான்.

அதுவரை நான் லேப்டாப்பைப் படத்தில்தான் பார்த்திருந்தேன். அதை வெளியே காட்டாமல், டாக்டர் குழந்தையை வாங்குவதுபோல இரண்டு கையாலும் வாங்கினேன்.

"பெட்டிய நான்தான் பிரிச்சேன் அண்ணா. ஒட்டின டேப்பு ஒட்டினபடி இருந்துச்சு. ஆனா அன்னைக்கே சூடாவுது. பின்ன, சாயங்காலமானா ஹேங் ஆவுது."

"மெத்தையில வச்சிருப்பே."

"மேசையிலயாக்கும் வச்சேன்."

"அப்போ வைரஸ்."

"இதுல இன்னும் ஒரு பிளாப்பி கூடப் போடல அண்ணா."

மூன்றாவது வைத்தியமும் போயிற்று.

படி இறங்கியவள் பொன்னையனின் பூத்தில் நின்றாள். அவள் என்ன கேட்பாள் என்று எனக்குத் தெரியும்.

"அண்ணன் விளிச்சானா மாமா?"

"இல்ல மோளே. மழையில்லியா? லைன் மொத்தமும் கெட்டுக் கெடக்குது."

லைன் ஒன்றும் கெட்டுக் கிடக்கவில்லை. ஐந்து நிமிடம் முன்புதான் பொன்னையன் தன் மச்சானோடு காது கிழியச் சண்டை போட்டிருந்தான். ஜெய்சன் வெள்ளிக்கிழமைதோறும் இந்த பூத்துக்குத்தான் போன் செய்வான். லேப்டாப் வந்தபின் மூன்று வெள்ளிக்கிழமைகள் போய்விட்டன. போன் வரவில்லை. ஒவ்வொரு வெள்ளியும் ஜோக்கிம் அண்ணாச்சி பூத் பெஞ்சில் வந்து உட்கார்ந்திருந்தார். எதிர்க்கடையில் கொதிக்கக் கொதிக்கக் கொடுக்கிற டீ கிளாஸை உள்ளங்கையில் பொத்தி வைத்துக்கொண்டு, குடிக்க மறந்து, போனையே பார்த்திருப்பார். நாற்பது வருடம் கரையில் நின்று கம்பாவலைக் கயிறு இழுத்த கை. சூடு அந்தக் கையில் ஏறாது. நான் அதே கிளாஸைத் தொட்டால் துள்ளுவேன்.

சரி, லேப்டாப்புக்கு வருகிறேன்.

முதல் நாள் சாயங்காலம் அது ஹேங் ஆயிற்று; மவுஸ் அம்பு அசையாமல் நின்றுவிட்டது. திரையில் மணி ஐந்தரை. சுவரில் ஏழு. துபாய் நேரத்திலேயே கிடக்கிறது என்று புரிந்ததும் எனக்கு ஒரே சந்தோஷம். கோளாறைக் கண்டுபிடித்துவிட்டேனே! அதை நம் ஊர் நேரத்துக்குத் திருத்தி வைத்தேன்.

மறுநாள், திரையில் ஏழு மணிக்கு ஹேங் ஆயிற்று. சுவரிலும் ஏழு. அப்படியென்றால் அது பார்ப்பது உள்ளே இருக்கிற கடிகாரத்தை இல்லை.

வேறு எதையோ.

இன்னொன்று. ஏழே கால் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் அது தானாகவே சரியாயிற்று. அம்பு நகர்ந்தது. விட்ட இடத்தில் இருந்து வேலை செய்தது. ஹேங் ஆன கம்ப்யூட்டர் போன இடத்தில் இருந்து தானாகத் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. என் கம்ப்யூட்டர்கள் போனால் போனதுதான்.

சூட்டையும் சோதித்தேன். காற்றுப் போக, அடியில் இரண்டு கேசட் கவர்களை முட்டுக் கொடுத்தேன். டேபிள் ஃபேனை அதற்குத் திருப்பிவிட்டு நான் வேர்த்துக்கொண்டிருந்தேன். மிஷின் சூடானால் அதன் உள்ளே ஃபேன் இருக்கிற பக்கம் சுட வேண்டும். அங்கே கை வைத்தேன். சில்லென்று இருந்தது. சுட்டது கீபோர்டுக்கு இந்தப் பக்கம். டைப் செய்யும்போது உள்ளங்கை வைப்போமே, அந்த இடம். இடது பக்கம் ஒன்று. வலது பக்கம் ஒன்று.

அணைத்தேன். சூடு போகவில்லை.

பேட்டரியைக் கழற்றினேன். போகவில்லை.

காலையில் வந்து பார்த்தால், அந்தச் சூட்டில் ஒரு பல்லி சுகமாகப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. அதைக் கண்டு நான் கத்திய கத்தலில் பொன்னையன் மேலே ஓடி வந்தான்.

"எலே, பல்லியாக்கும்? நான் பாம்புன்னுல்லா நெனச்சேன்!"

நானும் சிரித்துவிட்டேன். அந்த லேப்டாப்பை வைத்து நான் கடைசியாகச் சிரித்தது அதுதான்.

மூன்றாம் நாள். வியாழக்கிழமை. மழை இறுகிப் பிடித்திருந்தது. ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்பு பவர்கட். லேப்டாப் மட்டும், மறுபடி மாட்டிய பேட்டரியில் எரிந்துகொண்டிருந்தது. அந்த வெளிச்சத்தில் குனிந்து பார்த்தேன்.

மழை ஈரத்தில் மிஷின் மேலெல்லாம் மெல்லிய பனி படிந்திருந்தது. இரண்டு இடத்தில் மட்டும் இல்லை. அங்கே காய்ந்து கிடந்தது.

இரண்டு கைகளின் வடிவத்தில்.

உள்ளங்கை. கட்டைவிரல். கீபோர்டைப் பார்த்து நீண்ட விரல்கள். இடது கையில் ஐந்து. வலது கையில் நாலரை. சுண்டுவிரல் பாதியில் நின்றுவிட்டது.

தூரத்தில் கோயில் மணி அடித்தது. ஏழு.

அம்பு நின்றது.

காய்ந்த இடத்தின் மேல் மெல்லப் பனி ஏறத் தொடங்கியது. விரல் விரலாக... மூடியது. யாரோ கையை எடுத்துக்கொண்டதுபோல.

எழுந்து ஓட நினைத்தேன். கால் கேட்கவில்லை. என் கால் எப்போதும் நான் சொல்வதைக் கேட்காது. அன்று முழு வேலைநிறுத்தம். அப்படியே உட்கார்ந்திருந்தேன். மழைச் சத்தம். ஓட்டில் இருந்து சொட்டும் தண்ணீர். டொக்... டொக்... டொக்...

ஏழு இருபத்தைந்து.

பனியில் ஒரு புள்ளி காய்ந்தது.

பக்கத்தில் இன்னொன்று.

விரல்...

விரல்...

பிறகு உள்ளங்கை, பாரத்தோடு.

அம்பு நகர்ந்தது.

நான் படியில் இறங்கினேனா விழுந்தேனா என்று இன்றும் தெரியாது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. சாயங்காலம் அதைத் துண்டில் சுற்றி, உடம்பில் படாமல் தூக்கிக்கொண்டு ஜெம்மாவின் வீட்டுக்குப் போனேன். "சரியாயிடுச்சு" என்று பொய் சொல்லிக் கொடுத்துவிட்டு ஓடிவிடுவது திட்டம். போகிற வழியில் பூத்தைப் பார்த்தேன். ஜோக்கிம் அண்ணாச்சி அப்போதுதான் பெஞ்சில் இருந்து எழுந்து வந்தார். அன்றும் போன் இல்லை.

"வா மக்கா. நனையாத" என்று என் தலைக்கு மேல் குடையைப் பிடித்தார். அவர் பாதி நனைந்தார்.

ஜெம்மா லேப்டாப்பை மேசையில் வைத்துத் திறந்தாள். பக்கத்திலேயே மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்தாள்.

"பிரார்த்தனைக்கு நேரமாச்சு அண்ணா. கொஞ்சம் இருங்க."

"எத்தனை மணிக்கு?" வாய் தானாகக் கேட்டது.

"ஏழுக்கு. அண்ணனும் இதே நேரத்துக்குத்தான் செபிப்பான். அங்க அஞ்சரையாக்கும். வண்டியில போனாலும் எறங்கி முட்டுக்குத்திட்டுத்தான் போவான். கூட உள்ளவங்க எல்லாம் கிண்டலடிப்பாங்களாம்."

என் முதுகில் ஏதோ ஊர்ந்தது. பல்லி இல்லை.

"ஜெம்மா... அண்ணனுக்கு வலது கை சுண்டுவிரல்..."

"பாதிதான். சின்னதுல வள்ளத்து எஞ்சின்ல போச்சு." அவள் என்னைப் பார்த்தாள். "ஒங்களுக்கு யாரு சொன்னா?"

"பொன்னையன்" என்றேன்.

வேறென்ன சொல்ல? அந்த வீட்டில் அவனுடைய சட்டை இன்னும் கொடியில் தொங்கிக்கொண்டிருந்தது. மழைக்குப் பூசணம் பிடித்துவிடும் என்று ஜெம்மா அதை மறுபடி மறுபடி துவைத்துப் போடுவாளாம்.

பவர்கட் வந்தது. கோயில் மணி அடித்தது. இருவரும் தரையில் முழங்காலை ஊன்றி முட்டுக்குத்தினார்கள். மேசையில் அம்பு அசையாமல் நின்றது. நான் சுவரோடு ஒட்டி நின்றேன். எனக்கு அவர்கள் செபம் தெரியாது. தெரிந்த சாமிகள் எல்லாரையும் மனதுக்குள் அழைத்தேன். ஒருவரும் மழையில் வருவதாக இல்லை.

செபம் முடிந்தது.

பிறகு ஸ்துதி. அந்த வீட்டில் ஒரு வழக்கம். செபம் முடிந்ததும் பெரியவர் கைகளை விரித்து நீட்டுவார். இளையவர் தன் உள்ளங்கைகளை அதன் மேல் வைத்து ஸ்துதி சொல்வார். ஜெம்மா சொன்னாள். எழுந்தாள்.

ஜோக்கிம் எழவில்லை. அப்படியே மேற்கே திரும்பி, மறுபடியும் கைகளை நீட்டினார். காற்றில்.

"அண்ணனுக்கு" என்று ஜெம்மா என்னிடம் மெதுவாகச் சொன்னாள். "அவன் அங்கயிருந்து கிழக்கே நீட்டுவான். போன நாள் முதலு இதுதான்."

ஒரு கணம்.

நீட்டிய கைகள் கொஞ்சம் தாழ்ந்தன. மேலே ஏதோ பாரம் வைத்ததுபோல.

"மோளே..."

"என்னப்பா?"

"கை சுடுது."

மெழுகுவர்த்தி ஆடவில்லை.

"சுடுது மோளே... பொள்ளுது..."

கையை இழுக்கவில்லை அவர். எடுக்க மனமில்லாமல் வைத்திருந்தார். கண்களை மூடிக்கொண்டு, விரல்களை மெல்ல மடக்கினார். எதையோ தடவிப் பார்த்தார்.

"சுண்டுவெரலு பாதியாக்கும்..."

ஜெம்மா வாயைப் பொத்தினாள்.

"என் மோன்தான்" என்றார். "வந்துட்டியாலே?"

மேசையில் அம்பு நகர்ந்தது. ஒரே ஒருமுறை.

திரை அணைந்தது.

அப்போது வாசலில் செருப்புச் சத்தம். பொன்னையன். குடை இல்லாமல் ஓடி வந்திருந்தான். ஊரில் எல்லாரையும்விட அதிகம் பேசுகிற மனிதன், வாசல்படியில் நின்று வாயைத் திறந்து திறந்து மூடினான்.

"போன் வந்துச்சு அண்ணாச்சி" என்றான் கடைசியில்.

ஜோக்கிம் திரும்பிப் பார்க்கவில்லை.

"தெரியும் மக்கா" என்றார்.

பின்னால் தெரிந்துகொண்டது இவ்வளவுதான். லேப்டாப் பெட்டியை ஆரியங்கோட்டுக்காரனிடம் கொடுத்துவிட்டு, அன்று சாயங்காலம் ஜெய்சன் ஒரு பிக்கப் வண்டியில் திரும்பிக்கொண்டிருந்தான். ஐந்தரைக்கு வண்டியை நிறுத்தச் சொல்லி, ரோட்டோரத்தில் முட்டுக்குத்தினான். பின்னால் வந்த லாரி, நின்ற வண்டியை விட்டு விலகி அவன் மேல் மோதியது. அடையாள அட்டை இருந்த பை பிக்கப்பில் இருந்தது. பிக்கப் டிரைவர் பயந்து வண்டியோடு ஓடிவிட்டான். பெயரில்லாமல் மூன்று வாரத்துக்கும் மேல் பிணவறையில் கிடந்தவனைப் பற்றி, மனது கேட்காமல் அந்த டிரைவரே போலீசில் வந்து சொன்னானாம்.

லேப்டாப்பை ஜெய்சன் திறக்கவே இல்லை. பெட்டியைத்தான் தொட்டிருக்கிறான்.

பெட்டி ஊருக்கு வந்த நாளில் நானும் போனேன். இந்த முறை வந்தது பெரிய பெட்டி. ஜெய்சனின் கைகளில் வெள்ளைக் கையுறை போட்டுவிட்டிருந்தார்கள். உடனே உயிர் போகவில்லையாம். எழப் பார்த்து, இரண்டு கையையும் ரோட்டில் ஊன்றியிருக்கிறான். ஜூன் மாத வெயில் குடித்த தார் ரோடு. உள்ளங்கைகள் இரண்டும் வெந்துபோயிருந்தனவாம்.

அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு லேப்டாப் சூடாகவில்லை. ஹேங் ஆகவும் இல்லை. நான் அதில் ஒன்றும் பழுது பார்க்கவில்லை. ஜெம்மா அதை வைத்துத்தான் டைப்பிங் செய்து வேலைக்குப் போனாள். ஏழு மணியானால் மட்டும், என்ன அவசரமானாலும் மூடி வைத்துவிடுவாள்.

அடக்கம் முடிந்து எல்லாரும் கலையும்போது ஜோக்கிம் அண்ணாச்சியின் கையைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. பிடித்துக்கொண்டு நிற்க மட்டும் தெரியும். ஏதோ வழவழவென்று பட்டது. அவர் கையைத் திருப்பிப் பார்த்தேன்.

கொதிக்கிற டீ கிளாஸ் ஏறாத கை. கயிறு காய்த்து மரமாகிப்போன கை. அதில் தோல் வெந்து, உரிந்து, புதுத்தோல் இளஞ்சிவப்பாகத் தெரிந்தது.

இரண்டு உள்ளங்கைகளிலும், இன்னொருவனின் கைத்தடம்.

எண்ணினேன்.

ஒன்பதரை விரல்.