சாக்கு எடை கழிக்காத சக்கரம்

என்னைப் போல ஒரு மடையன் அருப்புக்கோட்டைத் தாலுகாவிலேயே கிடைக்க மாட்டான் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மிளகாய் வத்தல் கமிஷன் கடை வைத்திருப்பவன் நான். மூட்டையைக் கண்ணால் பார்த்தே எடை சொல்வேன் என்று பீற்றிக்கொண்டு திரிந்தவன். அந்தப் பீற்றலோடுதான் போன வருஷம் ஆடி மாதம், என் தங்கைக்கு சைக்கிள் சக்கரம் வாங்கப் போனேன்.

திருச்சுழி ரோட்டில் இருக்கிறது எங்கள் ஊர். புருஷன் வீட்டில் இனி இருக்க முடியாது என்று பெட்டியோடு திரும்பி வந்தவள் தங்கை. மூலையில் உட்கார்ந்து அழுவாள் என்று எல்லோரும் எதிர்பார்த்தோம். அவளோ டவுனில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடும் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். கடை ஒன்பது மணிக்கு. எங்கள் ஊர் பஸ் வருவதோ ஒன்பதரைக்கு. அதனால் பள்ளிக்கூடத்தில் இலவசமாகக் கொடுத்த பழைய சைக்கிளைத் துடைத்து எடுத்தாள். நான் ஸ்கூட்டர் வாங்கித் தருகிறேன் என்றேன். "ஒங்க காசுல ஏறுனா நீங்க சொல்ற எடத்துல எறங்கணும்ணே, வேணாம்" என்றுவிட்டாள்.

எங்கள் பக்கத்து ஆடிக்காற்றைப் பற்றித் தெரிந்தவர்களுக்குத் தெரியும். தடுக்க ஒரு மரம் கிடையாது. காலையில் டவுனுக்குப் போகிறவர் முகத்துக்கு நேராக அடிக்கும். அந்தக் கனத்த சைக்கிளை எவ்வளவு மிதித்தாலும், நின்ற இடத்திலேயே மாவாட்டுவது போலத்தான் இருக்கும். தங்கை தாமதமாகப் போக ஆரம்பித்தாள். இன்னொரு நாள் லேட்டானால் அப்படியே வீட்டுக்குப் போய்விடலாம் என்று கடையில் சொல்லிவிட்டார்கள்.

இதைக் கேட்டதும் எங்கள் பெரியண்ணனுக்கு வயிறு குளிர்ந்துவிட்டது. "வேலை போகட்டும். மறுநாளே அவ வீட்டுக்காரன்ட்ட கொண்டுபோய் விட்டுட்டு வாரேன்" என்றார். சொன்னால் செய்கிற ஆள்.

தங்கை அசரவில்லை. சம்பளத்தில் மிச்சம் பிடித்ததை என்னிடம் நீட்டி, "லேசான சக்கரமாப் பாத்து வாங்கியாண்ணே, காத்த நான் பாத்துக்கிறேன்" என்றாள்.

டவுனில் பழைய சைக்கிள் சாமான் விற்கும் கடைக்கு, அவள் சைக்கிளோடு என் கடையின் கொக்கித் தராசையும் கொண்டுபோனேன். அவள் காசுக்குள் அடங்குவதாக இரண்டு ஜோடி இருந்தது. ஒன்று அலுமினியச் சக்கரம், மங்கிப் போய், டயர் டியூப் பல்சக்கரம் எல்லாம் மாட்டியபடி. இன்னொன்று பளபளவென்று, வெறும் ரிம்மும் கம்பியும். இரண்டையும் தராசில் தொங்கவிட்டேன். பளபளப்புதான் லேசு!

"அண்ணாச்சி, அது வந்து…" என்று கடைக்காரர் வாயைத் திறந்தார்.

"எடையப் பத்தி எங்கிட்டயா பேசுறீக?" என்று அவர் வாயை அடைத்தேன். பளபளப்பை வாங்கி, அதற்குப் புது டயரும் டியூபும் போட்டு மாட்டச் சொல்லி, பழைய சக்கரத்தை அங்கேயே பழைய இரும்புக்குத் தள்ளிவிட்டு வெற்றி வீரனாக ஊர் திரும்பினேன்.

தங்கை சைக்கிளைத் தூக்கிப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடியும் தூக்கினாள்.

"ஏண்ணே, பழசுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? மின்னுது, அம்புட்டுத்தானே?"

அப்போதுதான் மண்டையில் இடி இறங்கியது. வெள்ளாமை செய்யும் சம்சாரி கொண்டுவரும் ஒவ்வொரு மூட்டைக்கும் சாக்கு எடையைக் கழித்தே பிழைப்பு நடத்துகிறவன், அலுமினியத்தில் மாட்டியிருந்த டயரையும் டியூபையும் கழிக்காமல் எடை போட்டிருக்கிறேன்! முலாம் பூசிய முழு இரும்பை, தங்கை வியர்வை சிந்திச் சேர்த்த காசில் வாங்கி வந்திருக்கிறேன்.

பெரியண்ணன் சிரித்த சிரிப்பில் தெருநாய் எழுந்து ஓடியது. "ஏலே, நல்லாப் பாத்தடா சக்கரம்! நாளைக்கு அவ துணிமணிய எடுத்து வைக்கச் சொல்லு."

"என் காசுல மாத்தித் தாரேன் பாப்பா, நாளைக்கு ஒரு நாள் என் வண்டியில வா" என்று கெஞ்சினேன். அவள் செயினுக்கு எண்ணெய் விட்டாள்.

மறுநாள் காலை, அவள் எப்போதையும்விடச் சீக்கிரம் கிளம்பினாள். காற்று அன்றைக்கென்று பேயாட்டம் ஆடியது. குற்ற உணர்ச்சி தாங்காமல் மொபெட்டை எடுத்துக்கொண்டு விரட்டிப் போனேன். வண்டியில் ஏற மாட்டாள், தெரியும். அதனால் ஒரு யோசனை செய்தேன். கடவுள் எனக்குக் கொடுத்த அகலமான உடம்பு எதற்கு இருக்கிறது? அவளுக்கு முன்னால் போய் காற்றுக்குத் தடுப்பாக மொபெட்டை மெதுவாக ஓட்டினேன். பாதி வழிக்கு மேல் அப்படித்தான் போனோம். பயத்தில் நொடிக்கொரு தரம் திரும்பிப் பார்த்ததில் என் வண்டி இன்னும் மெதுவானது.

அன்று அவள் கடை ஷட்டர் தூக்கும் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். பெரியண்ணன் அதற்கப்புறம் துணிமணிப் பேச்சை எடுக்கவில்லை. இந்த ஆடியிலும் அதே இரும்புச் சக்கரத்தில்தான் போய் வருகிறாள். மாற்றுகிறேன் என்றால் முறைக்கிறாள்.

அவளுக்கு நான் அரணாகப் போனேன் என்று கொஞ்ச நாள் பெருமைப்பட்டுக்கொண்டேன். இப்போது யோசித்தால், பெரியண்ணன் ஒரு பக்கம் மறித்தார், நான் பாசத்தோடு இன்னொரு பக்கம் மறித்தேன் என்றுதான் தோன்றுகிறது. "பின்னாலயே வா பாப்பா, காத்து அடிக்காது!" என்று நான் கத்தியபோது, அன்று வழியில் வரும் பாலத்து ஏற்றத்தில், மூச்சிரைக்க அவள் சொன்னது ஒன்றே ஒன்றுதான்:

"ஓரமாப் போண்ணே, முந்தணும்."