அரிசி மூட்டையில் கட்டிய தறி

பள்ளிக்கூடம் என்னை அதிகம் கண்டதில்லை. இருந்தும் இந்த நாட்டுக்கு வந்து லா சப்பல் உணவகமொன்றில் கோப்பை கழுவத் தொடங்கி, பக்கத்து ரூ பெர்தொனே தெருவில் சொந்தப் பலசரக்குக் கடை போட்டவன் நான். நான் கட்டிய கயிறு ஒருநாளும் தளர்ந்ததில்லை. அந்தத் துணிச்சலில்தான், எதிரே துணி தைக்கும் துருக்மேன் பெண்ணிடம் தறியை என் கிடங்குக்குக் கொண்டுவரச் சொன்னேன்.

எங்கள் நகரத்து ஸ்டாலின்கிராட் பகுதியில் அவள் அறைக்குள் மேல்வீட்டுத் தண்ணீர் ஒழுகியது. மகளின் கல்யாணக் கம்பளம் பாதியில் நின்றது. அவர்களுடைய தறி நிலத்தில் படுத்திருக்கும். இரண்டு கட்டைகள், நடுவே இழுத்துக் கட்டிய நூல். கட்டையோடு சுருட்டி வேறிடத்தில் விரிக்கலாம். ஆனால் இரு பக்கமும் ஒரே இழுவை வேண்டும், இல்லாவிட்டால் கம்பளம் கோணும். மாப்பிள்ளை வீட்டார் விளிம்போடு விளிம்பை மடித்துப் பார்ப்பார்களாம்.

கட்டைகளைப் பிடித்து நிறுத்தும் முளை கிடங்கின் சீமெந்துத் தரையில் இறங்காது. கட்டைகளை அரிசி மூட்டை அடுக்குகளோடு இறுக்கிக் கட்டினேன். மலைபோல் நின்றது.

பொங்கல் நெருங்கியது. ஒரு காலை கிடங்குக்குள் போனேன். இடப்பக்க அடுக்கு பாதியாகி, மிச்சம் தறியை நோக்கி நகர்ந்திருந்தது. கடைப்பக்கம் திரும்பிக் கத்தினேன்.

"ஆர் இதிலை கை வைச்சது?"

"நான்தான். சனம் வரிசையிலை நிக்குது. அரிசிக் கடையிலை அரிசி விக்காமல் உங்கடை வீரத்தையே விக்கிறது?" என்றாள் மனைவி.

வேறு மூட்டை ஏற்றி இறுக்கினேன். ஆனால் தளர்ந்திருந்தபோது நெய்த இடம்? நூலால் அகலம் பிடித்துப் பார்த்தேன். ஓரிடத்தில் ஒரு விரல் குறைந்தது. மறுபடி பிடித்தேன். அதே விரல்.

எங்கள் சனத்துக்குத் தைத்துத் தமிழ் பிடித்தவள் அந்தத் துருக்மேன் பெண். வாசலில் நின்று சிரித்தாள்.

"அண்ணை, நான் முதலே கண்டிட்டன்."

"அவிழ்க்கேலாதோ?"

"கலியாணம் கிட்ட."

"அவை கேட்டால்?"

"பாதியிலை இடம் மாறினம் எண்டு சொல்லுவன்."

ஒபர்வில்லியே கல்யாண மண்டபத்தில் எனக்கும் தேநீர் தந்தார்கள். அதைப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கம்பளத்தையே பார்த்தேன். மணப்பெண்ணின் மாமியார் கம்பளத்தை மடித்தாள். விளிம்பில் ஓடிய விரல் அந்த இடத்தில் நின்றது. தங்கள் மொழியில் ஏதோ கேட்டாள். இவள் நீளமாகப் பதில் சொல்லி என்னைக் காட்டினாள். மண்டபமே திரும்பிப் பார்த்தது. மாமியார் மூட்டையைத் தோளில் ஏற்றுவதுபோல் அபிநயம் காட்டிக் குலுங்கிச் சிரித்துவிட்டு, கம்பளத்தை மருமகளின் காலடியில் விரித்தாள்.

நான் தேநீரை எடுத்தேன். ஆறிப்போயிருந்தது.