இரண்டாம் முறை எடுத்த நெருப்பு

1976 ஜூலை. ஞாயிறு, காலை பத்து மணி.

ஈப்போவில் பேருந்து ஏறியபோது சுண்ணாம்பு மலைகளின் இடுப்பில் மேகம் ஈரத்துண்டு போலச் சுற்றிக் கிடந்தது. சுங்கை சிப்புட்டுக்குப் பதினெட்டு மைல், கட்டணம் ஒரு வெள்ளி. உலகத்தின் மறுகோடியில், மாண்ட்ரியலில், ஒலிம்பிக் நடந்துகொண்டிருந்தது. கிரேக்க நாட்டில் சூரிய ஒளியில் மூட்டிய நெருப்பு அங்கே எரிகிறதாம். நான் போனது ஒரு ரப்பர் தோட்டத்து விளையாட்டு விழாவுக்கு. யார் கூப்பிட்டாலும் கிளம்பிவிடுகிற கால்கள் எனக்கு.

பதினொரு மணி.

கூப்பிட்டவர் அந்தோணி, தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி. மோட்டார் சைக்கிளில் என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டார். இருபுறமும் ரப்பர் மரங்கள், நாங்கள் நிற்க அவை ஓடுவது போல.

"ஒலிம்பிக் மாதிரியே பந்தம் ஓட்டம் வச்சிருக்கோம் லா. நெருப்ப எங்கேருந்து எடுக்குறதுன்னுதான் ரெண்டு வாரம் சண்ட. பாதிப் பேரு கோயில் விளக்குன்னான், எங்காளுங்க சர்ச் மெழுகுவத்தின்னான்."

"முடிவு?"

"புகைக் கொட்டகை. எல்லாரு வெட்டுன பாலும் அங்கதான ரப்பர் சீட்டாகிக் காயுது? அந்த நெருப்பு எல்லாருக்கும் சொந்தம்."

ஒரு மணி.

கொட்டகையின் அடுப்பு வாயில் மூங்கில் பந்தத்தை நீட்டிப் பற்றவைத்தவள் பாக்கியம், பாலெடுக்க மரம் வெட்டுகிறவள், இருபத்தைந்து வயதிருக்கும். மூன்று மைல் ஓட்டம் இதுவரை ஆண்களுக்கு மட்டும். பெண்களுக்கு எலுமிச்சம்பழமும் கரண்டியும். வேலையாட்களை மேற்பார்க்கும் தண்டல் முனியாண்டி சவால் விட்டிருந்தார். இவள் பந்தத்தை அணையாமல் திடலுக்குக் கொண்டுவந்தால் பெண்களுக்கும் இன்றைக்கே மூன்று மைல். மாண்ட்ரியலிலேயே பெண்களுக்கு ஆயிரத்தைந்நூறு மீட்டருக்கு மேல் ஓட்டமில்லை.

திடலுக்கு இரண்டு மைல். வெறுங்காலில் ஓடினாள். நாங்கள் வண்டியில் பின்னால் ஊர்ந்தோம். செம்மண்ணுக்கு மேல் ஒரு மஞ்சள் பூ தனியே மிதந்து போவது போலிருந்தது. பச்சை இருட்டு விலகி விலகி அதற்கு வழிவிட்டது.

ஒன்றரை மைல் தாண்டி, மரப்பாலத்தில் மழை பிடித்தது. பாக்கியம் பந்தத்தை மார்போடு வளைத்து மறைத்தாள். அது ஒருமுறை சீறி அணைந்தது.

பாலத்தில் நாங்கள் மூவர் மட்டும். என் சட்டைப்பையில், பிளாஸ்டிக் பையில் சுற்றிய தீப்பெட்டி. எடுத்து நீட்டினேன்.

"யாரும் பாக்கலம்மா. மழ விட்டதும் பத்தவச்சுக்க."

தீப்பெட்டியைப் பார்த்தாள், வாங்கவில்லை. தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"இது கடையில வாங்குன நெருப்புண்ணே."

"அப்ப வண்டியில ஏறு, திரும்பப் போலாம். அஞ்சே நிமிஷம்" என்றார் அந்தோணி.

"ஓடித்தானே கொண்டாரணும்? நீங்க வாங்க, நான் போறேன்."

வந்த வழியே ஓட ஆரம்பித்துவிட்டாள்.

"பிடிவாதக்காரி லா!" என்று அந்தோணி வண்டியைத் திருப்பினார். மழை விட்டபோது ஒவ்வொரு இலையும் தன் சொந்த மழையைத் தனியாகப் பெய்துகொண்டிருந்தது. அதன் கீழே அவள், அணைந்த மூங்கிலோடு.

இரண்டேகால்.

திடலில் எல்லாரும் பந்தலுக்குள் ஒதுங்கியிருந்தார்கள். முழங்கால்வரை சேற்றோடு, எரியும் பந்தத்தோடு வந்து நின்றாள்.

"அந்த மழையில எப்படி அணையாம வந்துச்சு?" என்றார் முனியாண்டி.

எப்படியோ வந்துச்சு என்று சொன்னால் போதும், சவால் அவளுடையது.

"அணைஞ்சிருச்சு தண்டல். பாலத்துல. திரும்பப் போயி எடுத்தாந்தேன்."

"பாத்தியா, அணைஞ்சிருச்சாம்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் சிரித்தது.

முனியாண்டி சிரிக்கவில்லை. விரல் மடக்கினார். "போனது ஒண்ணர, திரும்ப ஒண்ணர, மறுபடி ரெண்டு. அஞ்சு மைலு." சிரித்தவன் பக்கம் திரும்பினார். "அஞ்சு மைலு ஓடுனவகிட்டப் போயி மூணு மைலு ஓடுவியான்னு கேக்கச் சொல்றியா? கோட்டப் போடுங்கடா!"

பதினொரு பெண்கள் கோட்டில் நின்றார்கள். பாக்கியம் மட்டும் நிற்கவில்லை. ஈரப்புல்லில் மல்லாந்து கிடந்து, தலையை மட்டும் திருப்பி, அவர்கள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாலை ஆறு மணி.

திரும்பும் பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் விரித்த பத்திரிகையில் மாண்ட்ரியல். அங்கேயும் மழையில் சுடர் அணைந்துபோனதாம். யாரோ ஓர் அலுவலர் சிகரெட் லைட்டரால் கொளுத்திவிட்டாராம். பிறகு அதை அணைத்து, பத்திரமாய் வைத்திருந்த மூல நெருப்பிலிருந்து மறுபடி ஏற்றினார்களாம்.

ஈப்போவில் இறங்கி, சிகரெட்டுக்காகத் தீப்பெட்டியைப் பிரித்தேன். முதல் உரசலிலேயே பற்றியது. கொஞ்ச நேரம் பார்த்தேன். ஊதி அணைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தேன்.