திருவேங்கடத்தின் கட்டைவிரல்

கோட்டைக்குப்பத்தில் நண்டு வாங்குகிறவர்களில் திருவேங்கடத்தின் கட்டைவிரலுக்குத் தனி மரியாதை. நண்டின் வயிற்றை ஓர் அழுத்து அழுத்துவார். கெட்டியாக இருந்தால் சதை நிறைந்த நண்டு. அமுங்கினால் தண்ணி நண்டு, பாதி விலை. அந்தத் தீர்ப்பை எதிர்த்து எந்தப் படகுக்காரரும் அப்பீலுக்குப் போனதில்லை.

அவருடைய பின்தலையில் ஒரு தடிப்பு வந்தபோதும் அதே கட்டைவிரல்தான் விசாரித்தது. "கெட்டியா கீது. கெட்டதா இருந்தா அமுங்கும்ல," என்றார். அவர் மனைவி கஸ்தூரி ஆஸ்பத்திரி என்று வாயெடுத்தாலே, "உனக்கு இன்னா தெரியும்?" என்று அடக்கிவிடுவார். தடிப்பு புளியங்கொட்டை அளவைத் தாண்டியதும், அவரே பக்கத்து ஊர் டாக்டரிடம் போய் வந்தார். மேலாக வெட்டி, இரண்டு தையல். இவ்வளவு சின்னதாக வெட்டுகிற கைராசிக்காரர் உண்டா என்று ஊரெல்லாம் புகழ்ந்தார். அடுத்த மழைக்குள் கட்டி பழைய இடத்துக்கே திரும்பி, பக்கத்து இடத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டது.

சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் சதையைச் சோதித்துப் பார்த்த டாக்டர் கிறிஸ்டினா விளக்கினார். தோலுக்குள் அபூர்வமாக வரும் புற்றுநோய் இது. மெதுவாக வளரும், கண்ணுக்குத் தெரியாமல் பக்கவாட்டில் ஓடும். கட்டியைச் சுற்றி நல்ல தோலிலும் இரண்டு விரற்கடை எடுத்தாக வேண்டும். தொடைத் தோலை வெட்டி அங்கே ஒட்ட வேண்டும்.

திருவேங்கடம் பேரத்தில் இறங்கினார்.

"அரை விரக்கடை எடுத்துக்கோங்க டாக்டரம்மா."

"ரெண்டு."

"சரி, ஒண்ணு. உங்களுக்கும் வோணாம், எனக்கும் வோணாம்."

டாக்டர் தலையசைத்து மறுத்தார். இவர் விருட்டென்று எழுந்து வாசலுக்கு நடந்தார். ஏரிக்கரையில் நண்டுக்குப் பேரம் பேசும்போது இப்படி நாலடி நடந்தால் யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டுவிடுவார்கள். டாக்டர் கூப்பிடவில்லை. கஸ்தூரிதான் வழிமறித்தாள்.

"உன் தலைய வச்சு யாவாரம் வோணாம்யா. நீ எனக்கு முழுசா வோணாம், உசுரோட இருந்தா போதும்."

அவள் அழுவதைப் பார்த்துத் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

அறுவை முடிந்தது. எடுத்த சதையின் ஓரங்களில் நோய் இல்லை, முழுக்கச் சுத்தம் என்றார் டாக்டர். கஸ்தூரி கையெடுத்துக் கும்பிட்டாள். இவருக்கோ முகம் சுருங்கியது.

"அப்போ ஓரத்துல எடுத்ததெல்லாம் நல்ல சதைதானே?"

வாழ்க்கையில் முதல் முறையாக ஏமாந்த கதையை, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு மாதக்கணக்கில் ஊருக்குச் சொன்னார். ஊரும் உச்சுக் கொட்டியது.

ஆறு மாதம் கழித்து மறுபரிசோதனை. டாக்டர் ஒட்டிய தோலைச் சுற்றிலும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். "ஒண்ணும் இல்ல, நல்லா இருக்கீங்க. கிளம்புங்க."

திருவேங்கடம் எழுந்திருக்கவில்லை.

"இன்னும் ரெண்டு விரக்கடை தள்ளி அழுத்திப் பாருங்கம்மா. எனக்கு எங்க தொட்டாலும் கெட்டியாவே கீது."

டாக்டர் தள்ளி அழுத்தினார். திருவேங்கடம் தன் கட்டைவிரலைக் கஸ்தூரியின் கைக்குள் கொடுத்துவிட்டுத் தீர்ப்புக்குக் காத்திருந்தார்.